ஆறு சைவக் கோழிகள்

ஒரு கோழிக்கு நான் ரவிக்கை தைத்துப் போட்டிருக்கிறேன். நாற்பத்து நான்கு வயதில், அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும்போதே, காய்ச்சல் எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும்.

தைத்தேன் என்பதுகூட முழு உண்மையில்லை. தைக்கக் கொடுத்தேன். திருக்கழுக்குன்றத்தில் எங்கள் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் ஒரு தையல்காரர் இருந்தார். முதுகு நீளம், மார்புச் சுற்றளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பச்சை நிறத்தில் பளபளக்கும் ஒரு ரவிக்கைத் துணியையும் எடுத்துக்கொண்டு மதிய இடைவேளையில் அவரிடம் போனேன்.

"கொழந்தைக்கு இன்னா வயசு சார்?" என்றார் தாளைப் பார்த்துவிட்டு.

"ஒண்ணரை." அது பொய்யில்லை.

"கை அளவு எழுதலியே."

"கை வேண்டாம். ரெண்டு பக்கமும் ஓட்டை மட்டும் போதும். எறக்கை நுழையற மாதிரி."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார். எனக்குக் குழந்தை கிடையாது என்பதும், இரண்டு வருஷமாக மனைவியும் கிடையாது என்பதும் அந்தத் தெருவுக்கே தெரியும்.

"கோழிக்கா சார்?"

"ஆமாம்."

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா. கோழின்னா கொஞ்சம் லூசா வெக்கணும். குந்தும்போது புடிக்கும்."

இந்த நிலைக்கு நான் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

என் மனைவி செங்கல்பட்டில் இறந்தாள். அங்கே பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தோம். அதன்பின் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. எல்லோரும் நகரத்துக்கு மாற்றல் கேட்கிற அலுவலகத்தில் நான் மட்டும் நகரத்தை விட்டு மாற்றல் கேட்டேன். யாரும் கேட்காத இடமாதலால் உடனே கிடைத்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு தொடங்கும் இடத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் அலுவலகத்துக்குப் போய்வந்தேன். கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் ஆறும் என்று எங்கோ படித்திருந்தேன். நிறையப் படிக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட கேடுகள் வரும். நான் கடலைப் பார்த்தேன். அது தன் வேலையைப் பார்த்தது.

பேச்சு என்று எடுத்துக்கொண்டால், காலையில் கண்டக்டரிடம் ஊர்ப்பெயர். அலுவலகத்தில் மற்றவர்களுடைய நிலங்களின் நான்கு எல்லைகள். சாயங்காலம் கண்டக்டரிடம் மறுபடி ஊர்ப்பெயர். சனிக்கிழமை மதியம் வீட்டுக்குள் நுழைந்தால் திங்கட்கிழமை காலை வரை வாய் திறக்க வேலை இருக்காது. திங்களன்று சீட்டு வாங்கும்போது, கூட்டத்தில் பேசப்போகிறவனைப்போல ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் கோழிகள் வந்தன. உடன் வேலை பார்த்த ஒருவருக்குச் செய்யூருக்கு மாற்றல் ஆனது. ஆறு வெள்ளை லெகார்ன் பெட்டைகளையும் கூண்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் என் தலையில் கட்டினார். நான் முட்டைகூடச் சாப்பிடாதவன். அதனால்தான் உங்களிடம் கொடுக்கிறேன் என்றார் அவர். அந்த வாதத்தில் ஓட்டை இருப்பது கோழிகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குப் பட்டது.

ஆனாலும் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வேலிக் கதவைத் தொட்டதும் ஆறு உயிர்கள் ஒரே நேரத்தில் என் பக்கம் ஓடிவருவது ஒரு புது அனுபவமாக இருந்தது. தீனிக்குத்தான் ஓடிவருகின்றன என்பது தெரியும். தெரிந்திருந்தும் பஸ்ஸில் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து நிற்க ஆரம்பித்தேன்.

நான் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் பேச வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பெயர் இல்லாமலேயே பேசிக்கொண்டுதான் இருந்தேன். முக்கியமாக ஒன்றிடம். மற்ற ஐந்தும் தீனி தீர்ந்ததும் என்னை மறந்துவிடும். இது மட்டும் நான் கிணற்றடியில் உட்கார்ந்தால் என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு கண்ணால் என்னையும் மற்றதால் வானத்தையும் பார்க்கும். அன்றைய பத்திரங்களைப் பற்றிச் சொல்வேன். அது யாரிடமும் போய்ச் சொல்லாது.

தீனி விஷயத்தில்தான் நான் கோட்டைவிட்டேன். கோழிகளோடு ஒரு துண்டுப் பிரசுரமும் வந்திருந்தது. அரிசிக் குறுணை, தவிடு, கடலைப் புண்ணாக்கு, மீன் தூள் என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மீன் தூள் என்ற வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு, பக்கத்தில் 'தயிர் சாதம்' என்று எழுதினேன். எனக்குப் பின்பலமாகத் திருக்கழுக்குன்றமே நின்றது. மலைமேல் நண்பகலில் கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகின்றன. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்க வெயிலில் அத்தனை படி ஏறுகிறார்கள். எங்கள் அலுவலக சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் அந்த மலை தெரியும். கழுகே சைவமாகச் சாப்பிடும்போது கோழிக்கு என்ன கேடு என்று யோசித்தேன். இதை ஒரு தர்க்கமாகவே நினைத்தேன் என்பதை இப்போது எழுதும்போது கை கொஞ்சம் கூசுகிறது.

ஆவணி மாதம் கூண்டுக்குள் வெள்ளை இறகுகள் கிடக்க ஆரம்பித்தன. உதிர்கிறது என்று நினைத்தேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது எனக்கும்தான் உதிர்கிறது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கவனித்தேன். பெரிய பெட்டை ஒன்று, எந்தக் கோபமும் இல்லாமல், அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை உருவுவதைப்போல நிதானமாக, என் செருப்புக்காரியின் வால் பக்கத்திலிருந்து ஒரு இறகை உருவி எடுத்தது. எடுத்து எறியவில்லை. விழுங்கியது. மற்றவையும் வரிசையாக வந்தன. நடுவில் இருந்தது ஓடக்கூட இல்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றது.

ஒரு வாரத்தில் வாலுக்கு மேலே உள்ளங்கை அளவு இடம் இளஞ்சிவப்பாக வெளியே தெரிந்தது. அடுத்த வாரம் அதில் ரத்தம் வந்தது. ரத்தம் தெரிந்தபின் கொத்துவதற்கு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினேன். கசப்பு அவற்றுக்குப் பொருட்டில்லை. அலகைத் தரையில் துடைத்துக்கொண்டு மறுபடி வந்தன. கவனத்தைத் திருப்பலாம் என்று முருங்கைக் கீரையைக் கட்டித் தொங்கவிட்டேன். கீரையை அரைமணியில் முடித்துவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பின. அலகின் நுனியை வெட்டிவிட வேண்டும் என்றது பிரசுரம். பிளேடை எடுத்துக்கொண்டு பெரிய பெட்டையை மடியில் பிடித்தேன். அது என்னை நிமிர்ந்து பார்த்தது. பிளேடைக் கொண்டுபோய் முகம் மழித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ரவிக்கை. என் மனைவியின் பெட்டியில், நல்ல நாட்களில் வெற்றிலை பாக்கோடு யார் யாரோ வைத்துக்கொடுத்த ரவிக்கைத் துணிகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அவள் அவற்றைத் தைத்துக்கொள்ளவும் இல்லை, வேறு யாருக்கும் வைத்துக்கொடுக்கவும் நேரம் இருக்கவில்லை. அதில் ஒன்றைத்தான் எடுத்தேன்.

தையல்காரர் நன்றாகவே தைத்திருந்தார். போட்டுவிட்டதும் கோழி சற்று நேரம் அசையாமல் நின்றது. பிறகு பின்பக்கமாகவே நடந்து சுவரில் முட்டியது.

பக்கத்து வீட்டில் ஒரு பாய் குடும்பம். அவர் கோயில் பக்கம் வெள்ளைக்காரர்களுக்குச் சங்கும் சோழி மாலையும் விற்பார். அவர் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நாட்டுக் கோழி வளர்த்தார். என் முட்டைகளெல்லாம் அவரிடம்தான் போகும். அன்று வேலித் தட்டியின் மேலாக அவர் முகம் தெரிந்தது.

"அண்ணே, இன்னாது அது, பச்சையா?"

"ரவிக்கை."

"யாருக்கு?"

"பாத்தா தெரியலையா."

அவர் உள்பக்கம் திரும்பி, "ஏங்க, கொஞ்சம் இங்க வந்துட்டுப் போங்க" என்று குரல் கொடுத்தார். நல்லவேளை பாய் வரவில்லை.

"தீனி இன்னா போடறீங்க?" என்றார் பிறகு.

சொன்னேன்.

"கருவாடு போடறதில்லியா?"

"எங்க வீட்டுல அது பழக்கமில்லேம்மா."

"உங்க வூட்டுப் பழக்கத்த யாரு கேட்டா. கோழி வூட்டுப் பழக்கத்த கேட்டுகினு கீறேன். அதுங்களுக்கு ஒடம்புல எதுவோ கொறச்சல் அண்ணே. வெளியில கெடைக்கலன்னா கூடக் கீறவ மேலதான் எடுக்கும். அவ எறக்கைதான் அதுங்களுக்குக் கருவாடு."

நான் விடவில்லை. கழுகுகளைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"பொங்கல் தின்னுட்டுப் போவுதே, போற வழியில இன்னா தின்னுதுன்னு கூடப் பறந்து போய்ப் பாத்தீங்களா?"

நான் படித்த எதிலும் அது எழுதியிருக்கவில்லை.

ரவிக்கை மூன்று நாள் தாங்கியது. முன்பு அந்தக் கோழியைக் கொத்த அவற்றுக்குப் பசியாவது காரணமாக இருந்தது. இப்போது பளபளப்பே காரணம் ஆயிற்று. நான்காம் நாள் பெரிய பெட்டையின் அலகோரம் ஒரு பச்சை நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

பிரச்சினை கருவாடு வாங்குவதில் இல்லை. அந்தக் கடற்கரையில் கருவாட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே மூக்கைத் தேடி வரும். பிரச்சினை வேறு. செங்கல்பட்டில் பக்கத்துப் போர்ஷனில் மீன் பொரிக்கும் வாசனை வந்தால் என் மனைவி எழுந்துபோய் சன்னலைச் சாத்துவாள். எதுவும் சொல்லமாட்டாள். சாத்திவிட்டு வந்து விட்ட வேலையைத் தொடர்வாள். அவள் போன பிறகு நான் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கு, அமாவாசைச் சமையல், இரண்டு காய் ஒரு குழம்பு என்ற கணக்கு எல்லாம் போயின. மீன் வாசனை அண்டாத சமையலறை ஒன்றுதான் அவள் வைத்திருந்தபடியே என்னிடம் மிஞ்சியிருந்தது. அவளுடைய பித்தளைப் பாத்திரங்களைச் செங்கல்பட்டில் இருந்த வரிசையிலேயே அங்கே அடுக்கியிருந்தேன். அதையும் விட்டால், நான் யாருடனோ வாழ்ந்தேன் என்பதற்கு ரேஷன் கார்டில் அடிக்கப்பட்ட ஒரு வரி மட்டும்தான் சாட்சி.

ஆகவே கோழியை முன்னறைக்குக் கொண்டுவந்தேன். ஒரு கள்ளிப்பெட்டியில் வைக்கோல் போட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்து நாள் அது அங்கே இருந்தது. சாயங்காலங்களில் விளக்கைப் போட்டுக்கொண்டு நான் படிப்பேன். அது தொண்டைக்குள் ஏதோ முணுமுணுக்கும். பக்கம் திருப்பும் சத்தம் கேட்டால் மட்டும் நிறுத்தி, தலையைச் சாய்த்துப் பார்க்கும். நன்றாக இருக்கும் பகுதிகளை அதற்கு வாய்விட்டே படித்துக் காட்டினேன். ஒருமுறை பக்கத்து வீட்டம்மா முட்டைக்காக வந்து, யாரோ விருந்தாளி இருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார். மறுநாள், "யாரு அண்ணே வந்திருந்தாங்க?" என்று கேட்டார். தெரிந்தவர் ஒருவர் என்றேன்.

புண் காய்ந்தது. ஆனால் கோழி தீனியைக் குறைத்துக்கொண்டே வந்தது. கூட்டத்தில் இருந்த பிராணி; நானும் ஒரு விளக்கும் அதற்குக் கூட்டமாக மாட்டோம். நல்லெண்ணத்தோடு ஒரு ஞாயிறு காலை மற்றவற்றோடு கொண்டுபோய் விட்டேன். பத்து நாளில் அவை அதை மறந்துவிட்டிருந்தன. அந்நியக் கோழி என்று ஐந்தும் சேர்ந்து மேலே விழுந்தன. நான் கிணற்றடியிலிருந்து ஓடிவந்து பிரிப்பதற்குள் பழைய புண் கிழிந்து, உள்ளே சதை தெரிந்தது. கையில் எடுத்தபோது அது கண்ணை மூடிக்கொண்டது. அதன் இதயம் அடித்துக்கொண்ட வேகம் என் விரலுக்குத் தெரிந்தது.

வேலித் தட்டிக்கு மேலே அந்தம்மா நின்றிருந்தார். "உள்ள வெச்சிக்கினாலும் வெளில வுட்டாலும் அது போயிடும் அண்ணே" என்றார். "அந்த அஞ்சுக்கும் வயித்துல இருக்கிற கொறைய தீத்தாதான் இது பொழைக்கும்." பிறகு, "நான் வேணா எடுத்துக்கறேன்" என்றார். எதற்கு எடுத்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. அவர் அன்பாகத்தான் சொன்னார்.

அன்று மதியம் கருவாடு வாங்கப் போனேன். பஸ் நிற்குமிடத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து ஒரு அம்மாள் விற்றுக்கொண்டிருந்தார். நான் இரண்டு முறை அவரைக் கடந்து போய்விட்டு மூன்றாம் முறை நின்றேன்.

"இன்னா வேணும்?"

"எது... சின்னதா, தூள் பண்ற மாதிரி." அவசரமாக, "கோழிக்கு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். "கேட்டியா, கோழிக்காம். மீதி சைவக்காரங்க எல்லாம் பூனைக்குன்னு வாங்கிகினு போவாங்க. நீ புதுசா சொல்ற நைனா. அதுவும் பொரட்டாசியில."

"நிஜமாவே கோழிக்குத்தான்."

"நான் இல்லன்னா சொன்னேன்? நல்லா கழுவிட்டு வறுத்துக் குடு. கோழிக்கு மொறுமொறுன்னு இருக்கும்."

அம்மியில் அரைக்க முடியாது. அது அவள் அம்மி. கிணற்றுக்குப் பின்னால் இரண்டு கற்களுக்கு நடுவே வைத்து நசுக்கினேன். தவிட்டில் கலந்து வைத்தபோது ஐந்து கோழிகளும், நான் அவற்றை வளர்க்க ஆரம்பித்த பிறகு முதல்முறையாக, நிமிராமல் சாப்பிட்டன. கள்ளிப்பெட்டியில் இருந்ததற்குத் தனியாகக் கொண்டுபோய் வைத்தேன். கண்ணைத் திறந்தது. புளி போட்டுக் கை கழுவினேன். பொட்டலத்தைக் கிணற்றடி மாடத்தில் வைத்தேன். வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. அவளுக்கும் எனக்கும் இடையில் ஒரு சமரசம் ஏற்பட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழைக்குச் சமரசம் தெரியாது. முதல் நாள் மழையிலேயே பொட்டலம் கூழாகி, பூஞ்சை பிடித்துவிட்டது. இரண்டாவது பொட்டலத்தைக் கூரை ஓரத்து இடுக்கில் செருகினேன். அதைக் காக்காய் கொண்டுபோயிற்று. இரண்டு நாள் கருவாடு இல்லை. மூன்றாம் நாள் கூண்டில் மறுபடி வெள்ளை இறகுகள் கிடந்தன. மழை நிற்பதாகத் தெரியவில்லை. முன்னறையில் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. அந்த வீட்டில் நனையாத இடம் ஒன்றே ஒன்றுதான்.

மூன்றாவது பொட்டலத்தை மூடி சரியாகப் பொருந்தாத ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய், பித்தளைப் பாத்திரங்களுக்குக் கீழ்த்தட்டில், மூலையில் வைத்தேன். வைத்துவிட்டு சன்னலைச் சாத்தப் போனேன். எந்தப் பக்கத்து வாசனையைத் தடுக்க என்று தெரியாமல் திறந்தே விட்டேன். அன்று இரவு சமைக்கவில்லை. இறந்தவர்களோடு சண்டை போட முடியாது என்பது அவர்களுடைய பெரிய குறை. அவள் எழுந்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன்.

கோழி பிழைத்துக்கொண்டது. மற்றவை கொத்துவதை ஒரேயடியாக விடவில்லை. நாளாக ஆக மறந்தன. கார்த்திகையில் அந்தச் சிவந்த இடத்தில் முள் முள்ளாக ஏதோ முளைத்தது. அந்த முட்கள் ஒவ்வொன்றாக நுனியில் பிரிந்து வெள்ளையாயின. மாதக் கடைசியில் எது கொத்துப்பட்ட கோழி என்று வேற்றாளுக்குத் தெரியாது. வேற்றாள் யாரும் வந்து பார்க்கவும் இல்லை.

பிறகு என் மனைவியின் அக்கா வந்தார். கூடுவாஞ்சேரியில் இருப்பவர். தங்கையின் திதிக்கு என்னோடு இருந்து தானே சமைத்துப் படைப்பதாகக் கடிதம் போட்டிருந்தார். கடிதம் கிடைத்த நாளிலிருந்து எனக்கு டப்பா நினைவுதான். எடுத்து ஒளித்து வைத்திருக்கலாம். மழை ஓய்ந்துவிட்டது, இடமும் இருந்தது. ஆனால் அவளிடம் கேட்க முடியாத மன்னிப்பைக் கேட்க வேறு ஆள் எனக்குக் கிடைக்கப்போவதில்லை. டப்பாவை இருந்த இடத்திலேயே விட்டேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒத்திகை பார்த்தேன்.

வந்தவர் நேராகச் சமையலறைக்குத்தான் போனார். பின்னாலேயே போய் வாசற்படியில் நின்று, அவர் எதையும் தொடுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோழி, புண், மழை, டப்பா. அவள் சன்னலைச் சாத்துவதை, இந்த ஒன்றையாவது காப்பாற்ற நினைத்ததை, முடியாமல் போனதைச் சொன்னேன். கடைசியில் ஒத்திகையில் இல்லாத சில வார்த்தைகளும் வந்தன.

அவர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடினார். கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தார். கோழிகள் வெயிலில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

"கருவாட்டுக்கு அவ ஒண்ணும் சொல்லமாட்டா தம்பி" என்றார். "கோழியக் கண்டாதான் அவளுக்கு ஆவாது. சின்னதுல ஒண்ணு தொரத்திகினு வந்து கால்ல கொத்திடுச்சி. அதிலேர்ந்து கோழி நிக்கிற தெருவுல நடக்கமாட்டா, சுத்திகினு போவா. பதினாறு வருஷம் குடும்பம் நடத்துனீங்களே, உங்ககிட்ட சொல்லலியா?"